மாதம் 60 பெட்டிக்கு அச்சு போடலாமா?

தொட்டிக்காரன்:
வணக்கம். கோவை கணபதியில் மேல்நிலைத் தொட்டிக்கான ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் செய்கிறோம். நானும் தம்பியும் மட்டும்தான். மாதம் 60 போகிறது. பெட்டியை த்ரீ-டி பிரிண்டில் எடுக்கிறோம். பொருள், மின்சாரம், தேய்க்கும் கூலி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 380 ரூபாய் ஆகிறது. ஒரு பெட்டிக்கு ஒன்பது மணி நேரம். ராத்திரி கரன்ட் போனால் பாதிப் பெட்டி குப்பைக்கு.

இன்ஜெக்‌ஷன் அச்சுக்கு (உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தி நிரப்பும் இரும்பு அச்சு) 2,40,000 ரூபாய் கேட்கிறார்கள். அதன்பின் பீஸுக்கு 32தான். 690 பெட்டியில் அச்சுக் காசு வந்துவிடும், ஒரு வருடம்கூட ஆகாது. நகையை வைத்துப் போட்டுவிடு என்கிறார் அப்பா. அம்மா வாயே திறக்கவில்லை, நகை அவருடையது.

லேத்மணி:
கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? போட்டுவிடுங்கள். பிரிண்டரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது.

பழைய மோல்டர்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். 380-ஐயும் 32-ஐயும் வைத்து ஏன் கழிக்கிறீர்கள்? கடையில் ரெடிமேட் ஏபிஎஸ் (கெட்டி பிளாஸ்டிக்) பெட்டி இருக்கிறதே. என் பக்கத்துப் பட்டறைக்காரர் 110 ரூபாய்க்கு வாங்குகிறார். ஓட்டை போட 25, ஸ்டிக்கர் 15. மொத்தம் 150. இதோடு ஒப்பிட்டால் அச்சில் மிச்சம் பெட்டிக்கு 118தான். காசு திரும்ப 2,000 பெட்டிக்கு மேல் போக வேண்டும். உங்கள் வேகத்தில் ஏறக்குறைய மூன்று வருடம், நகை வட்டி தனி.

இன்னொன்று. 60 பீஸுக்காக யாரும் மெஷினில் அச்சு ஏற்ற மாட்டார்கள். ஏற்றி, பழைய கலரைத் தள்ளி, சூடு நிலைக்கு வரவே அரை நாள் போய்விடும். நானே 1,000-க்குக் குறைந்தால் எடுத்ததில்லை. ஆயிரம் என்றால் உங்களுக்குப் பதினாறு மாத ஸ்டாக். நடுவில் ரிலே (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் பாகம்) மாடல் மாறினால்? எனக்கு அப்படித்தான் ஆனது. ஒயர் மாட்டும் டெர்மினல் இடம் மாறி, 700 மூடி மூட்டையில் கிடந்தது. அச்சில் இரும்பைச் செதுக்கி எடுப்பது சுலபம். சேர்க்க வேண்டுமென்றால் வெல்டிங்தான்.

பிசின் ஊற்றி வார்க்கும் சிலிகோன் ரப்பர் அச்சும் உங்களுக்கு ஒத்துவராது. 20, 25 வார்ப்பிலேயே கிழியத் தொடங்கிவிடும்.

மாதம் 200 தாண்டி, சர்க்யூட் போர்டும் ஒரு வருடம் மாறாமல் இருந்தால் அப்போது அச்சு போடுங்கள். ஆனால் இப்போதைய டிசைனை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். பிரிண்டருக்கு வரைந்ததில் சுவருக்குச் சரிவு இருக்காது. ஒரு டிகிரியாவது இல்லையென்றால் பெட்டி அச்சைவிட்டு சுலபமாக வராது. தடிமனும் ஒரே சீராக இருக்கட்டும்; தடித்த இடத்தில் குழி விழும். ஓட்டைகளுக்கு அச்சில் கழற்றி மாட்டும் தனி பின் வைக்கச் சொல்லுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

தொட்டிக்காரன்:
நன்றி அண்ணா. ரெடிமேட் பெட்டியை நான் யோசிக்கவே இல்லை. இன்று இரண்டு அளவு வாங்கிப் பார்த்தேன். சின்னதில் டெர்மினல் பக்கம் 4 மி.மீ. இடிக்கிறது, பெரியதில் போர்டு ஆடுகிறது. அடுத்த போர்டையே சின்னதுக்குத் தகுந்தபடி வரைந்துவிடலாம் என்கிறான் தம்பி. அம்மாவிடம் நகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.