பழைய படங்களைப் பலரிடம் கேட்டு அடையாளம் கண்ட அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:

மட்டக்களப்பின் பழைய படங்களைச் சேகரிக்கும் முகநூல் குழு ஒன்றை நண்பர்களுடன் சேர்ந்து நடத்தி வருகிறேன். ஒரு படத்தின் இடத்தையும் காலத்தையும் பலரிடம் கேட்டு அறிவதில் எங்களுக்கு எது கைகொடுத்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

கல்லடிப் பாலத்தின் படம் ஒன்று '1910' என்ற குறிப்புடன் எங்களிடம் வந்தது. ஏராளமானோர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கிய அந்த இரும்புப் பாலம் திறக்கப்பட்டதே 1924ஆம் ஆண்டில்தான் என்பதைப் பின்னூட்டங்களில் ஒருவர்கூடச் சுட்டிக்காட்டியிருக்கவில்லை. முதலில் பகிர்ந்தவர் எழுதிய ஆண்டையே மற்றவர்களும் வரிசையாகத் திருப்பி எழுதியிருந்தார்கள். ஆகவே அத்தனை பேரின் சாட்சியமும் கணக்கில் ஒருவரின் சாட்சியந்தான். அதன் பிறகு, புதிய படம் ஒன்றைப் போடும்போது அதனுடன் வந்த குறிப்பை முதல் வாரத்தில் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தோம். 'இது எந்த ஆண்டு?' என்றும் கேட்பதில்லை. 'இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?' என்றே கேட்கிறோம்.

அதே பாலத்தின் இன்னொரு படத்தில் இந்த முறை நன்றாகவே வேலை செய்தது. பக்கத்தில் புதிய பாலம் தெரியாததால் 2013ஆம் ஆண்டுக்கு முந்தியது என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் 1924 முதல் 2013 வரையான காலப்பகுதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாலத்தின் அந்தப் பக்கத்தில், நகத்தளவில், ஒரு லொறி நின்றது. ஓய்வு பெற்ற சாரதி ஐயா ஒருவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் மூக்கு நீளாமல் தட்டையாக இருப்பதால் அது பெட்போர்ட் டிகே ரகம் என்றும், தாம் ஓட்டிய வண்டியும் அதுவே என்றும் எழுதினார். அந்த ரகம் உற்பத்திக்கு வந்தது 1960ஆம் ஆண்டில். எனவே படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இன்னொருவர், கூரைகளில் தொலைக்காட்சி அன்ரனா எதுவும் இல்லாததால் இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்த 1979க்கு முந்தியது என்று வாதிட்டார். அதை நாங்கள் ஏற்கவில்லை. படத்தில் இருக்கும் பொருள் சான்றாகும். இல்லாத பொருளை அவ்வளவு எளிதில் சான்றாக்க முடியாது, ஏனென்றால் தொலைக்காட்சி வந்த உடனேயே எல்லா வீட்டிலும் அன்ரனா ஏறிவிடவில்லை. '1960க்குப் பின்' என்று மட்டுமே பதிந்தோம்.

பெரிய நிறுவனங்களும் இவ்வாறே செய்கின்றன. அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகம் 2008ஆம் ஆண்டு சனவரியில் ஏறத்தாழ 3,000 படங்களைப் படம் பகிரும் தளமான ஃபிளிக்கரில் இட்டுப் பொதுமக்களிடம் விவரம் கேட்டது. வந்த பின்னூட்டங்களை நூலகர்கள் சரிபார்த்த பின்னரே பட்டியலில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 500க்கும் மேற்பட்ட பதிவுகள் அவ்வாறு திருத்தம் பெற்றன. விருப்பக்குறிகளை எண்ணி ஆண்டை முடிவு செய்யும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கல்முனையிலிருந்து:

சேர் எழுதியதோடு என்னுடைய அனுபவத்தையும் சேர்க்கிறேன். தென்னந்தோட்டம் ஒன்று அழிந்து கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒவ்வொரு டிசம்பரிலும் 'சுனாமி' என்ற தலைப்புடன் பகிரப்படுவது வழக்கம். ஒரு முறை அதன் கீழே காரணம் கேட்டு எழுதினேன். தோட்டம் வைத்திருந்த வயதான நானா ஒருவர் தம் பேரன் மூலம் பதில் எழுதுவித்தார்: கடல் வந்தபோது வீடுகள் அத்திவாரத்தோடு போயின, தென்னைகளில் பெரும்பாலானவை நின்றன, இந்தப் படத்திலோ ஓட்டு வீட்டின் சுவர் நிற்கிறது, தென்னைகள் ஒரே திசையில் சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடக்கின்றன, ஆகவே இது காற்றின் வேலை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23இல் வந்த சூறாவளியை அறிந்தவர்கள் அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து, தத்தம் ஊரில் மரங்கள் விழுந்த விதத்தை எழுதத் தொடங்கினார்கள். எந்தத் தோட்டம் என்பது இன்னும் தெளிவாகவில்லை. எந்த அழிவு என்பதில் ஐயமில்லை.

அம்பாறையிலிருந்து:

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இங்கினியாகல அணையை அமெரிக்காவின் மொரிசன் நட்சன் நிறுவனம் கட்டியதால், அக்காலத்தில் இங்கே வேலை செய்த வெளிநாட்டவர்கள் எடுத்த வண்ண ஸ்லைட்டுகள் (சிறு சட்டத்தில் பொருத்திய, ஒளி ஊடுருவும் படச்சுருள் துண்டுகள்) இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வழியாக இணையத்துக்கு வருகின்றன. அப்படி வந்த சந்தைப் படம் ஒன்று எங்களைப் பெரிதும் குழப்பியது. அது எந்த ஊர் என்று வாதம் நீண்டுகொண்டே போனபோது, தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர், படத்திலுள்ள பெண்கள் எல்லோருக்கும் சேலைத் தலைப்பு வலது தோளில் விழுந்திருப்பதையும், ஆண்களின் சட்டைப்பை வலது மார்பில் இருப்பதையும் காட்டினார். ஸ்லைட்டைப் பின்புறமாக வைத்து ஸ்கான் செய்திருக்கிறார்கள்! படத்தை இடம் வலமாகத் திருப்பியதும் ஆற்றின் வளைவும் தெருவும் எங்களுக்குத் தெரிந்த இடத்தோடு பொருந்தின. ஸ்லைட்டின் சட்டத்தில் 'மட்டக்களப்பு மாவட்டம்' என்ற பொருளில் எழுதியிருந்ததைச் சிலர் பிழை என்றார்கள். அம்பாறை தனி மாவட்டமானது 1961ஆம் ஆண்டில் என்பதால் அந்தக் குறிப்பு எழுதியவரின் காலத்துக்குச் சரியானதே.

ஒரு கேள்வி: படத்தில் முகம் தெரிபவர்களின் பெயர்களைப் பின்னூட்டத்தில் எழுத விடுகிறீர்களா?

கல்லடியிலிருந்து:

இடம், கட்டடம், வாகனம் ஆகியவற்றை வெளிப்படையாகக் கேட்கிறோம். பெயர்களை உள்பெட்டிக்கு அனுப்பச் சொல்கிறோம்; குடும்பத்தவர் சம்மதித்தால் மட்டும் வெளியிடுகிறோம். எண்பதுகளுக்குப் பிந்திய படங்களில் இதை மிகவும் கண்டிப்பாகப் பின்பற்றுகிறோம், ஏனென்றால் காணாமற்போன ஒருவரின் முகத்தை முன்னறிவிப்பின்றி அவருடைய தாயார் திரையில் பார்க்க நேர்ந்தால், நாங்கள் கண்டுபிடிக்கும் எந்த ஆண்டும் அதற்கு ஈடாகாது. குடும்பத்தில் ஒருவர் எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் படத்தை எடுத்துவிடுகிறோம். மூலப் படத்தையும் அதன் பின்புறத்தில் உள்ள ஸ்ரூடியோ முத்திரையையும் மட்டும் எங்கள் சேகரிப்பில் வைத்திருக்கலாமா என்று பிறகு நேரில் போய்க் கேட்கிறோம்.