டிராஃபிக்கில் ரேடியேட்டர் ஃபேன் ஓடலை, டைரக்ட் கொடுத்தா ஓடுது: மோட்டாரா, வயரிங்கா?

தேரடி ரைடர்:
வணக்கம். 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஒரே ஃபேன்தான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னாடி பத்து நிமிஷம் நின்னா டெம்பரேச்சர் முள் முக்கால் தாண்டுது, ஏசியும் காத்து மாதிரி ஆயிடுது. ஐம்பதில் ஓட ஆரம்பிச்சா ரெண்டும் சரியாகுது. சில நாள் காலையில் ஃபேன் தானா ஓடும், மதியம் ஓடாது.

பார்த்த வரைக்கும்: 30 ஆம்ப் ஃப்யூஸ் நல்லா இருக்கு. ஏசி போட்டா ஃபேன் ரிலே (ஃபேனுக்குக் கரண்டைத் திறந்து விடுற சுவிட்ச்) 'டிக்'னு சத்தம் கொடுக்குது. ஹாரன் ரிலேவை மாத்திப் போட்டும் அதே கதை. ஃபேன் கப்ளரை (வயரை மாட்டுற பிளக்) கழற்றி மீட்டர் வெச்சா 12.4 வோல்ட் காட்டுது. பேட்டரியில் இருந்து மோட்டாருக்கு நேரா கரண்ட் கொடுத்தா சூப்பரா சுத்துது. ஆனா மெக்கானிக் மோட்டாரை மாத்தணும்கிறார். மாத்தலாமா? வண்டி ராத்திரி திருவொற்றியூர் குப்பம் பக்கம், கடலைப் பார்த்த தெருவில் நிக்கும்.

மணலி மீட்டர்:
மோட்டாரில் கை வைக்காதீங்க. முதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. இன்ஜின் ஆறினப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தா கூலன்ட் வாய் வரைக்கும் இருக்கா? குறைஞ்சிருந்தா கூலன்ட் சூட்டை அளக்குற சென்சார் காத்துல நிக்கும், தண்ணி கொதிச்சாலும் அதுக்குத் தெரியாது. சூடா இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. அடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிட்டு ஃபேன் இறக்கையைக் கையால் சுத்திப் பாருங்க. லேசா சுத்தி மெதுவா நிக்கணும். கரகரன்னு பிடிச்சா மோட்டார் புஷ் (தண்டைத் தாங்குற வளையம்) போச்சு.

காசிமேடு டீசல்:
இதுக்கு எதுக்குப்பா இவ்ளோ ஆராய்ச்சி? சாவி லைன்ல இருந்து பாசிட்டிவ் ஒரு வயர் இழுத்து ஃபேனுக்குக் கொடு, டேஷ்ல ஒரு சுவிட்ச் வை. அரை மணி நேர வேலை.

வயர்மேன் வியாசர்பாடி:
டீசல் அண்ணே, அதை மட்டும் சொல்லாதீங்க. இந்த சைஸ் ஃபேன் ஓடும்போது பத்துப் பன்னிரண்டு ஆம்ப் எடுக்கும், கிளம்புற நொடியில் அதைப் போல ரெண்டு மூணு மடங்கு. சாவி சுவிட்சின் காண்டாக்ட் அதுக்குச் செஞ்சது இல்ல, கருகிடும். சுவிட்ச் போட ஒரு நாள் மறந்தா ஹெட் வளைஞ்சு கேஸ்கட் போகும். அதைவிட முக்கியம், அவர் வண்டியில் அந்த வயரைக் கொடுத்தாலும் ஃபேன் ஓடாதுன்னு நினைக்கிறேன்.

ரைடர் தம்பி, ஏசி போட்டதும் ரிலே டிக்னா இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) கட்டளை ரிலே வரைக்கும் வந்துடுச்சு. கூலன்ட் சென்சாரையும் இசியுவையும் இப்போதைக்கு மறந்துடலாம். மோட்டாரும் டைரக்டில் ஓடுது. மிச்சம் ரிலே காண்டாக்ட், கப்ளர், வயர், எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புற வழி).

அந்த 12.4 வோல்ட்தான் உங்களை ஏமாத்துது. கப்ளரைக் கழற்றி அளந்தா மீட்டர் வழியா கரண்ட்னு சொல்ல ஒண்ணுமே ஓடாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் முழு வோல்ட்டேஜ் காட்டும். எல்இடி டெஸ்டரும் அப்படித்தான், பளிச்னு எரியும். இண்டிகேட்டர் பல்பு, 21 வாட், ரெண்டு வயர் போட்டு அதே கப்ளரில் வெச்சுப் பாருங்க. மங்கலா எரிஞ்சா வழியில் எங்கயோ அடைப்பு.

அப்புறம் கப்ளரை மாட்டி, இன்ஜின் ஓட, ஏசி போட்டு, பின்பக்கமா ஊசி நுழைச்சு மூணு அளவு எடுங்க:

பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஃபேன் பிளஸ் வரை.
ஃபேனோட ரெண்டு பின்னுக்கு நடுவில்.
ஃபேன் எர்த் பின்னில் இருந்து பேட்டரி மைனஸ் வரை.

மூணையும் கூட்டினா பேட்டரி வோல்ட்டேஜ் வரணும். ஃபேன் எந்த நொடியும் கிளம்பலாம். கை, துண்டு, மீட்டர் வயர் எதுவும் இறக்கை பக்கம் போகக் கூடாது.

தேரடி ரைடர்:
கூலன்ட் வாய் வரைக்கும் இருக்கு, இறக்கை லேசா சுத்துது. 21 வாட் பல்பு பாதி வெளிச்சம்தான். அளவுகள்: பேட்டரி 13.9. பிளஸ் பக்கம் 0.05. ஃபேன் பின்களில் 0.8. எர்த் பக்கம் 13.0!

வயர்மேன் வியாசர்பாடி:
மாட்டிக்கிச்சு. மோட்டாருக்குப் போக வேண்டிய வோல்ட்டேஜ் முழுசையும் எர்த் தின்னுது. ஃபேன் எர்த் பின்னில் இருந்து பேட்டரி மைனஸுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் கனமுள்ள வயர் ஒண்ணை வெச்சுப் பாருங்க, உடனே ஓடும்.

ஓடினா அந்தக் கறுப்பு வயரைப் பிடிச்சுக்கிட்டே போங்க. பெரும்பாலும் ஹெட்லைட்டுக்குப் பின்னாடியோ பேட்டரி தட்டுக்குக் கீழேயோ பாடியில் ஒரு போல்ட்டில் முடியும். உப்புக் காத்தும் பேட்டரி ஆசிட் ஆவியும் சேர்ற இடம் அது.

தேரடி ரைடர்:
வயர் வெச்சதும் ஓடிடுச்சு! போல்ட் பேட்டரி தட்டுக்குக் கீழதான். லக் (வயர் முனையில் இருக்கிற உலோக வளையம்) முழுக்கப் பச்சைக் களிம்பு, அடியில் துரு பொரிஞ்சு நிக்குது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போதுமா?

வயர்மேன் வியாசர்பாடி:
போதாது. களிம்பு இன்சுலேஷனுக்குள்ள ஏறியிருக்கும். பேட்டரி மைனஸைக் கழற்றிட்டு லக்கை வெட்டிப் போடுங்க, வயரை ரெண்டு அங்குலம் சீவிப் பாருங்க. கம்பி கறுத்திருந்தா இன்னும் வெட்டுங்க. செம்பு பளபளன்னு வர்ற இடத்தில் புது ரிங் லக் வெச்சு நல்லா கிரிம்ப் பண்ணி (நசுக்கி இறுக்கி), மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். நீளம் பத்தலைன்னா அதே கனத்தில் வயர் சேருங்க. முறுக்கி டேப் சுத்துறது வேணாம், ஒரு மழைக்கு மேல தாங்காது.

பாடியில் பெயிண்டும் துருவும் போய் வெள்ளை இரும்பு தெரியணும். போல்ட் இறுக்கினதுக்கு அப்புறம் மேல கிரீஸோ வாசலினோ பூசுங்க. கப்ளர் பின்னும் பச்சை பூத்திருந்தா வயரோட வர்ற கப்ளர் ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும்.

பிளஸ் பக்கம் 0.05 வந்ததைப் பார்த்து அந்தப் பக்கம் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. ஃபேன் ஓடாதப்போ கரண்ட் ரொம்பக் கம்மி, அதனால டிராப்பும் (வழியில் வீணாகிற வோல்ட்டேஜ்) கம்மி. ஓட விட்டு மறுபடி எடுங்க. பிளஸ் 0.5-க்குள்ள, எர்த் 0.2-க்குள்ள இருக்கணும். ஆம்ப் பார்க்கணும்னா மீட்டரின் 10 ஆம்ப் ஓட்டையில் மாட்டாதீங்க, உள் ஃப்யூஸ் போயிடும். டிசி கிளாம்ப் மீட்டர் வேணும். வீட்டு எலக்ட்ரீஷியன் வெச்சிருக்கிறது அநேகமா வீட்டு லைன் ஏசி கரண்ட் மட்டும்தான் காட்டும்.

காசிமேடு டீசல்:
சரிப்பா, ஒத்துக்கறேன். எனக்கு நேர் எதிர் பிரச்சனை. சாவியை எடுத்து அரை மணி ஆனாலும் ஃபேன் நிக்க மாட்டேங்குது.

மணலி மீட்டர்:
ரிலேவைப் பிடுங்குங்க. ஃபேன் நின்னா, அந்த ரிலேவை வெளியில வெச்சு 30-ம் நம்பர் பின்னுக்கும் 87-ம் நம்பர் பின்னுக்கும் மீட்டரில் கன்டினியூட்டி (தொடர்பு இருக்கான்னு) பாருங்க. பீப் அடிச்சா காண்டாக்ட் ஒட்டிக்கிச்சு, புது ரிலே போடுங்க. அடிக்கலைன்னா ரிலேவுக்கு வர்ற கட்டளை நிக்கலை. சாவி போட்டிருக்கும்போது மட்டும் ஓயாம ஓடினா சென்சார் கப்ளர் கழன்றிருக்கான்னு பாருங்க. சென்சார் சிக்னல் வரலைன்னா பல வண்டியில் இசியு பாதுகாப்புக்கு ஃபேனை ஓட விட்டுடும்.

தேரடி ரைடர்:
புது லக் போட்டாச்சு, மூணு அங்குலம் வெட்ட வேண்டியதாச்சு. ஃபேன் ஓடும்போது பேட்டரி 13.8, பிளஸ் பக்கம் 0.3, ஃபேனில் 13.4, எர்த் 0.1. கிளாம்பில் 11 ஆம்ப். ஏசி போட்டு இருபது நிமிஷம் ஐடிலில் விட்டேன், முள் பாதியைத் தாண்டலை.

வயர்மேன் வியாசர்பாடி:
அருமை. மோட்டார் ஆம்பும் சரியா இருக்கு. கப்ளரில் வேலை செஞ்சிருந்தா ஒரு தாளை ரேடியேட்டருக்கு முன்னாடி பிடிங்க. உள்பக்கம் இழுத்து ஒட்டணும். தள்ளினா பிளஸ் மைனஸ் மாறிப் போச்சு. மழைக்காலம் முடிஞ்சதும் எர்த் டிராப்பை மட்டும் இன்னொரு தடவை எடுங்க, 0.2 தாண்டினா அதே போல்ட்டைக் கழற்றுங்க.