யூரோ டிரக் சிமுலேட்டர் 2: தலையசைவுக்கு டிராக்ஐஆர் வாங்கலாமா, வெப்கேமே போதுமா?

சாலைப்பித்தன்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங், 24 இன்ச் மானிட்டர் ஒன்று. கணினியில் லாரி ஓட்டும் இந்த விளையாட்டில் எனக்கு ஓட்டுவதில் சிக்கல் இல்லை, பார்ப்பதில்தான். ரவுண்டானாவில் நுழையுமுன் பக்கவாட்டில் பார்க்க ஒரு பட்டனை அழுத்த வேண்டியிருக்கிறது. பார்வை வெடுக்கென்று போய் வெடுக்கென்று திரும்புகிறது. எஃப்2 தட்டினால் கண்ணாடிகள் திரையின் மேல்மூலைகளில் வந்து நிற்கின்றன. வசதிதான், ஆனால் கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும் உணர்வே போய்விடுகிறது.

நம் தலை அசைவதைக் கவனித்து விளையாட்டிலும் பார்வையை அப்படியே அசைக்கும் டிராக்ஐஆர் 5 கருவியை வாங்கலாம் என்றால் விலை கையைக் கடிக்கிறது. அதே வேலையைச் செய்யும் ஓப்பன்டிராக் மென்பொருள் இலவசம், வெப்கேமே போதும் என்கிறார்கள். அப்புறம் ஒரு அடிப்படைச் சந்தேகம்: தலையை ஒரு பக்கம் திருப்பிவிட்டால் மானிட்டரை எப்படிப் பார்ப்பது?

ரிவர்ஸ்கியர்:
உங்கள் சந்தேகத்துக்கு முதலில். தலை திரும்பும் அளவும் கேபினில் பார்வை திரும்பும் அளவும் ஒன்றாக இருக்காது. நீங்கள் 30 டிகிரி திருப்பினால் விளையாட்டில் 90 டிகிரி திரும்பும்படி வைத்துக்கொள்ளலாம். கண் மானிட்டரிலேயே இருக்கும். முதல் ஒரு மணி நேரம் விநோதமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

வெப்கேம் போதும், தம்பி. ஓப்பன்டிராக்கில் இன்புட்டுக்கு நியூரல்நெட் டிராக்கர் (வெப்கேம் படத்தில் முகத்தைப் பின்தொடர்வது), அவுட்புட்டுக்கு ஃப்ரீடிராக் 2.0 (அதை விளையாட்டுக்கு அனுப்புவது), ஃபில்டருக்கு ஆக்செலா (நடுக்கத்தைக் குறைப்பது). விளையாட்டைத் திறக்கும் முன்பே ஓப்பன்டிராக்கை ஓடவிடுங்கள். பார்வையை நடுநிலைக்குக் கொண்டுவரும் ஷார்ட்கட்டை ஸ்டியரிங்கில் ஒரு பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள், அடிக்கடி தேவைப்படும். முகத்தில் முன்பக்க வெளிச்சம் வேண்டும். அறை இருட்டாக இருந்தால் பல வெப்கேம்கள் ஃப்ரேம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் தாமதமாகத் திரும்பும், அங்கேதான் தலைசுற்றல் ஆரம்பம்.

டோவர்_ஆர்ட்டிக்:
நான் இங்கிலாந்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறேன். வேலை முடிந்து வந்தும் இதே விளையாட்டைத்தான் விளையாடுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தலையசைவு என்றதும் எல்லோரும் பக்கவாட்டில் திரும்புவதைப் பற்றியே பேசுகிறார்கள். லாரி ஓட்டுகிறவனுக்கு அதைவிட முக்கியம் சாய்வது. கேபினின் முன்பக்கத் தூணும் அதையொட்டி நிற்கும் பெரிய கண்ணாடியும் சேர்ந்து ஒரு முழுக் காரை மறைத்துவிடும். நீங்கள் ரவுண்டானாவை நெருங்கும் வேகமும் அந்தக் கார் வரும் வேகமும் ஒத்துப்போனால், நெடுநேரம் அது தூணுக்குப் பின்னாலேயே ஒளிந்து வரும். அதனால்தான் இங்கே சந்திப்பை நெருங்கும்போது இருக்கையில் முன்னும் பின்னும் அசைந்து பார்க்கிறோம். உடம்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் தூண் விலகி, பின்னால் இருந்தது தெரிந்துவிடும். லண்டனுக்குள் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரி போக வேண்டுமென்றால், ஓட்டுநர் ஜன்னல் வழியாக நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதற்கே நட்சத்திர மதிப்பீடு உண்டு. 2024 அக்டோபர் 28 முதல் குறைந்தது 3 நட்சத்திரம் வேண்டும், இல்லையென்றால் கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தியிருக்க வேண்டும். சைக்கிளில் போகிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

விளையாட்டில் கேபின்களை அச்சு அசலாகவே செய்திருக்கிறார்கள், தூணும் கண்ணாடியும் உட்பட. ஆனால் கேமரா ஒரே இடத்தில் ஆணியடித்த மாதிரி நிற்கிறது. நிஜ லாரியில் நான் அரை நொடியில் விலக்கிவிடும் மறைவு அங்கே விலகுவதே இல்லை. பட்டனை வைத்துப் பார்வையைத் திருப்பலாம், தூணைத் தாண்டி எட்டிப் பார்க்க முடியாது. தலையசைவு வந்ததும் இது சரியாகிவிட்டது. எனக்கு இந்தக் கருவியின் மதிப்பே அதுதான்.

ஆகவே ஓப்பன்டிராக்கில் இடவலமாகத் திரும்புவதை மட்டும் சரிசெய்துவிட்டு நிறுத்தாதீர்கள். இடவலமாக நகர்வது, முன்பின்னாக நகர்வது இரண்டையும் இயக்கி வையுங்கள். வெப்கேமுக்கு ஆழத்தை அளப்பது கடினம், முன்பின் நகர்வு நடுங்கும். அதற்கு மட்டும் நடுவில் அசையாத பகுதியைக் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். தலையைத் தோள்பக்கம் சாய்க்கும் அச்சை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். அடிவானம் சாய்ந்தால் எனக்குக் குமட்டும்.

இன்னொன்று, இடப்பக்கத் திருப்பம். இங்கே வண்டி இடப்பக்கம் போகிறது, ஸ்டியரிங் வலப்பக்கம். இடப்பக்கம் திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரங்கள் உள்வாங்கி நடைபாதை ஓரத்தை நோக்கி வரும். ஒரு முறை பார்த்துவிட்டு விட முடியாது. இடது கண்ணாடி, முன்சாலை, மறுபடி இடது கண்ணாடி என்று திருப்பம் முடியும்வரை பார்வை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டனில் இதைச் செய்தால் கை ஸ்டியரிங்கில் செய்ய வேண்டிய வேலை கெடும். தலையசைவில் கை அதன் வேலையைப் பார்க்கும்.

நெகட்டிவ்:
கோயம்புத்தூரிலிருந்து. நான் வெப்கேமில் ஆரம்பித்து இப்போது மூன்று எல்இடி வைத்த கிளிப்பை ஹெட்போனில் மாட்டியிருக்கிறேன். எஸ்எஃப்எச்485பி என்ற இன்ஃப்ராரெட் எல்இடி, பழைய பிளேஸ்டேஷன் 3-இன் "ஐ" (Eye) கேமரா. லென்ஸின் உள்ளிருக்கும் இன்ஃப்ராரெட் தடுப்பைக் கழற்றிவிட்டு, முன்னால் கழுவிய ஃபிலிம் சுருளின் கறுத்த முனையை வெட்டி வைத்தால் கேமராவுக்கு அந்த மூன்று புள்ளிகள் மட்டுமே தெரியும். ஓப்பன்டிராக்கில் இன்புட்டுக்கு, ஒளிப்புள்ளிகளைப் பின்தொடரும் பாயிண்ட்டிராக்கர். அறை இருட்டாக இருந்தாலும் கவலையில்லை. பகலில் மட்டும் ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள், வெயிலிலும் இன்ஃப்ராரெட் உண்டு. சாலிடரிங் தெரிந்தால் செலவு சொற்பம்.

விஆர் ஹெட்செட்டையும் நண்பர் வீட்டில் மாட்டிப் பார்த்தேன். கேபினின் உயரம் நிஜமாகவே தெரிகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஏப்ரல் மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு நெடுந்தூர லோடு எடுக்க என்னால் முடியாது.

சாலைப்பித்தன்:
நன்றி அண்ணன்மார்களே. வெப்கேமிலேயே ஆரம்பித்துவிட்டேன். மேசை விளக்கை மானிட்டருக்குப் பின்னால் வைத்து முகத்தில் விழும்படி திருப்பியதும் நடுக்கம் பாதி குறைந்தது. தூணைத் தாண்டி எட்டிப் பார்ப்பது அருமை, அண்ணா, அதுவே போதும் எனக்கு. ஒரு பிரச்சினை: ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்குக் கொஞ்சம் திரும்பினாலே போதும், எதிர்ப்பக்கத்துக்கு நிறையத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்காக ஓப்பன்டிராக்கின் வளைவை (தலை இவ்வளவு திரும்பினால் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று காட்டும் கோடு) கூட்டினால் ஓட்டுநர் பக்கம் ஜன்னலுக்கு வெளியே ஓடிவிடுகிறது.

டோவர்_ஆர்ட்டிக்:
அது இயல்புதான். உங்கள் பக்கக் கண்ணாடி அருகில், மற்றது கேபினின் அந்தக் கோடியில். ஓப்பன்டிராக்கில் அந்த வளைவுகளை அமைக்கும் மேப்பிங் பகுதியில் இரு பக்கத்துக்கும் தனித்தனி வளைவு வைக்கும் வசதி இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள். எதிர்ப்பக்க வளைவை மட்டும் செங்குத்தாக ஏற்றுங்கள், இரண்டிலும் முதல் 3, 4 டிகிரி தட்டையாக இருக்கட்டும், நேராக ஓட்டும்போது பார்வை அலையாது.

பிரிட்டிஷ் கேபின், ஐரோப்பியக் கேபின் இரண்டும் ஓட்டுவீர்கள் என்றால் இரண்டு புரொஃபைல்களாகச் சேமித்து வையுங்கள். விளையாட்டில் என் சொந்த லாரியில் ஸ்டியரிங் வலப்பக்கம், டோவரிலிருந்து பிரான்ஸின் கலே துறைமுகத்துக்கு அதிலேயே போவேன். கரை மாறினாலும் கேபின் மாறாது, அதனால் புரொஃபைலைத் தொட மாட்டேன். வேலைக்காகக் கொடுக்கும் வண்டியில் ஸ்டியரிங் மாறியிருந்தால்தான் மாற்றுவேன். டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது 5ஆம் எண்ணை அழுத்தி ஜன்னலுக்கு வெளியே தலைநீட்டும் பார்வைக்குப் போங்கள். அதில் தயங்க வேண்டாம், நிஜத்தில் நாங்களும் ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறோம்.