மார்பில் எத்தனை மேகசின் கட்டுவது?

நண்பர்களே, டெக்சஸில் சான் அன்டோனியோ பக்கம் இருக்கிறேன். மூன்று வாரத்தில் இரண்டு நாள் ரைஃபிள் பயிற்சி வகுப்பு. எத்தனை மேகசின் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடு) சுமப்பது என்று இரண்டு மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

துப்பாக்கி ஏஆர்-15, 5.56 மிமீ. 30 தோட்டா பிடிக்கும் பிளாஸ்டிக் மேகசின். நிரப்பினால் ஏறக்குறைய அரைக் கிலோ. பிளேட் கேரியரில், அதாவது குண்டு தடுக்கும் தகடுகளைச் செருகி அணியும் மேலுடுப்பில், முன்னும் பின்னும் பீங்கான் தகடுகள், அவையே ஆறு கிலோவுக்கு மேல்.

அமெரிக்க ராணுவத்தில் வழக்கமான அளவு ஏழு மேகசின், 210 தோட்டா என்பதால் முதலில் அப்படியே செய்தேன். துப்பாக்கியில் ஒன்று, மார்பில் இரண்டடுக்காக ஆறு. குப்புறப் படுத்தால் வயிறு தரையைத் தொடவில்லை, மேகசின் மேல் படகு மாதிரி ஆடினேன். ஜூலை வெயிலில் அரை மணியில் தோள்பட்டை மரத்துவிட்டது. அப்புறம் மூன்றை பெல்ட்டுக்கு மாற்றினேன். நாலடி ஓடியதும் பெல்ட் இடுப்பை விட்டு இறங்கியது. உள்பெல்ட் போட்ட பிறகு அது சரியானது, ஆனால் காரில் உட்கார முடியவில்லை.

இப்போது மார்பில் ஒரே அடுக்காக மூன்று, பெல்ட்டில் ஒன்று, துப்பாக்கியில் ஒன்று: மொத்தம் 150. உடம்புக்கு இதுதான் ஒத்துவருகிறது. இரண்டு நாளுக்கு 800 தோட்டா கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இடைவேளையில் பெட்டியிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இடைவேளை என்று சொல்லவில்லை.

இப்படிப்பட்ட வகுப்புக்குப் போனவர்கள் சொல்லுங்கள்: ஒரு இடைவேளையிலிருந்து அடுத்த இடைவேளை வரை இந்த ஐந்து மேகசின் போதுமா?