தையல் என்பது துணிக்கு மட்டும் உரிய சொல்லா?

கேள்வி: மண்டபம் பயிற்சியாளர்

மண்டபம் என்ற கடற்கரை ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுவினருக்குத் தையல் பயிற்சி அளித்து வருகிறேன். அவர்களுக்காகத் தொழிற்சொற்களைத் தொகுத்து ஒரு சிறு கையேடு எழுத உட்கார்ந்தால், முதல் சொல்லான தையலிலேயே பேனா நின்றுவிட்டது. துணியில் விழுவதும் தையல், ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடுவதும் தையல், கோயிலில் பொங்கல் வைத்துத் தருவதும் தையல் இலை. ஆனால் எங்கள் கரையில் நாள் முழுவதும் ஊசியும் கையுமாக அமர்ந்திருப்பவர்கள் வலை பின்னுவதாகத்தான் சொல்கிறார்கள். தைப்பதாகச் சொல்லக் கேட்டதில்லை. இதற்கிடையில் குழுவில் ஒருவருடைய மகள், ஆத்திசூடியில் "தையல்சொல் கேளேல்" என்று படித்துவிட்டு, தையல்காரர் பேச்சைக் கேட்கக் கூடாதென்று ஔவையார் ஏன் சொன்னார் என்று கேட்கிறாள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அது நியாயமான அறிவுரைதான் என்றாலும், அவளுக்குச் சரியான விடை சொல்ல விரும்புகிறேன். இந்தப் பொருள்களெல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவையா?

பதில்: தமிழாசிரியர், இராமநாதபுரம்

அம்மா, தையல் என்ற பெயருக்கு முன்னால், தை என்ற வினையைப் பார்த்தால் வழி தெரியும். நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலங்காட்டுப் பக்கம் செருப்பில்லாமல் நடந்தவர் எவரும் அதன் முதற்பொருளை அறிவார். முள் குத்தியது என்றால் குத்திவிட்டு வெளியே வந்திருக்கலாம். முள் தைத்தது என்றால் அது உள்ளே ஏறி அங்கேயே நின்றுவிட்டது என்று பொருள். அம்பு மார்பில் தைப்பதும், ஒருவர் சொன்ன சொல் நெஞ்சில் தைப்பதும் இதே வகைதான். ஊடுருவிச் சென்று பற்றிக்கொள்வதே தைத்தல். அந்த வேலையை முள்ளுக்குப் பதிலாக ஊசியும் நூலும் செய்யும்போது அது துணி தைத்தல் ஆகிறது.

மந்தாரை இலைகளை ஈர்க்குச்சியால் குத்தி இணைக்கும் தையல் இலையில் நூலே இல்லை என்பதைக் கவனியுங்கள். துணிதான் இச்சொல்லின் பிறப்பிடம் என்றால், அந்த இலைக்கு இப்பெயர் பொருந்தியிராது. சங்க இலக்கியத்தில் மகளிர் தழையாடை புனைவதைக் குறிஞ்சிப்பாட்டு "கொய்தழை தைஇ" என்கிறது. அங்கே தைத்தல் என்பது இணைப்பதோடு நிற்காமல், அழகுறப் புனைந்து உடுத்துவதையும் தழுவிக்கொள்கிறது. அகராதிகள் தையல் என்பதற்கு அழகு, பெண் என்று பொருள் தருவதை இந்தப் புனைதலோடு சேர்த்துப் பார்க்கலாம்.

எனவே அந்தச் சிறுமியிடம், ஔவையார் சொன்ன தையல் பெண்தான், தையல்காரர் அல்லர் என்று சொல்லுங்கள். அந்த அறிவுரையை நான் வகுப்பில் தனியாக விட்டுவிடுவதில்லை; பாரதியார் தமது புதிய ஆத்திசூடியில் "தையலை உயர்வு செய்" என்று எழுதியதையும் உடன் சேர்த்தே சொல்வேன். வைத்தீசுவரன்கோயில் தையல்நாயகியின் பெயரையும் இவ்வாறே பெண் என்ற பொருளில் கொள்ளலாம்.

பதில்: தொண்டிக் கரையார்

ஐயா சொன்னதோடு கடற்கரை வழக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். வலையில் நடப்பது வேறு வேலை. தட்டையான வலை ஊசியில் நூலைச் சுற்றி, கண்ணுக்குக் கண் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். ஊசி எதையும் துளைப்பதில்லை, கண்ணுக்குள் நுழைந்து வெளியே வருகிறது, அவ்வளவுதான். துளைக்காத வேலைக்குத் தையல் என்ற பெயர் ஒட்டாது. பாய்மரப் படகின் பாய் அப்படியல்ல. துணிப் பட்டைகளின் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஊசியால் குத்தி இணைப்பதால் அதைத் தைக்கிறோம் என்றே சொல்வோம். எங்கள் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி வரும் நாட்களில் இந்தப் பேச்சு காதில் விழும். திருக்கை மீனின் வால் முள்ளும் தைக்கத்தான் செய்யும். அதன் ஓரங்களில் பின்னோக்கிய பற்கள் உண்டு. போன வழியே எளிதில் திரும்பாது.

மண்டபம் பயிற்சியாளர்

துளைப்பதா இல்லையா என்ற இந்த வேறுபாடு எனக்குத் தெளிவாகிவிட்டது. தொழிலில் இருப்பவர்கள் யாரேனும், கடையில் இச்சொல் வழங்கும் விதத்தைச் சொன்னால் கையேட்டுக்கு உதவும்.

பதில்: தையற்கடைக்காரர், கீழக்கரை

கடையில் தையல் என்றால் பெரும்பாலும் வேலையைவிட, துணியில் விழுந்த அந்தக் கோட்டையே குறிக்கும். "தையல் விட்டுப்போச்சு" என்று வாடிக்கையாளர் சட்டையை நீட்டினால், துணி கிழியவில்லை, நூல்தான் அறுந்திருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். வெட்டும்போது "தையலுக்கு விடு" என்றால் ஓரத்தில் கூடுதல் துணி விட வேண்டும் என்று பொருள். பழகுநர்கள் இதை மறப்பதால்தான் பெருநாள் நெருக்கத்தில் ஜாக்கெட்டுகள் இறுக்கமாகப் போய்ச் சண்டையில் முடிகின்றன. உள்ளே துணி விட்டிருந்தால் பழைய தையலைப் பிரித்து அகலப்படுத்தித் தரலாம். தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தருவோம். மருத்துவமனையிலும் தையல் பிரிப்பது என்றே சொல்கிறார்கள். அங்கே பிரித்தபின் காயம் மூடியே இருக்க வேண்டும், இங்கே பிரித்தால் திறந்துகொள்ள வேண்டும். கையேட்டில் தையல், தையற்கூலி, தையலுக்கு விடுதல், பிரித்தல், பிடித்தல் ஆகிய ஐந்தையும் அடுத்தடுத்து வையுங்கள், அம்மா. ஓரம் அடித்தலும் காஜா போடுதலும் தனிப் பக்கத்தில் வரட்டும்.