பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, கீர்த்தனையை எப்படிப் பாட வைப்பது?

செந்தூல்காரன்:
ஸ்தோத்திரம். கோலாலம்பூரில், செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் ஆராதனைக் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் இருக்கிறது, பிள்ளைகளும் ஆர்வமாக வருகிறார்கள். ஆனால் ஒன்பது பேரில் ஆறு பேர் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. திரையில் ரோமன் எழுத்தில் போட்டால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுகிறது. கீர்த்தனை என்றால் பெரியவர்கள் கண்ணை மூடிப் பாடுகிறார்கள், பிள்ளைகள் வாயை மட்டும் அசைக்கிறார்கள். போன ஞாயிறு ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "தம்பி, என் அடக்கத்துக்கு யாருப்பா பாடுவா?" என்று கேட்டார். அதிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

தபேலா:
அண்ணே, திரையை அணைத்துவிடுங்கள். கிறிஸ்தவக் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடிய காலத்தில் எல்லார் கையிலும் புத்தகமா இருந்தது? சரணத்தை ஒருவர் பாடட்டும், பல்லவிக்குச் சபை வரட்டும். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவி திரும்ப வருவதால் நாலாவது தடவையில் பிள்ளைக்குத் தானாக மனப்பாடமாகிவிடும். மாதம் ஒரே கீர்த்தனை போதும். அப்புறம் சுருதியைக் குறையுங்கள், கீபோர்டுக்காரர் வசதிக்கு ஏற்றி வைத்தால் வயதானவர்களுக்குக் குரல் எட்டாது.

பினாங்கு அக்கா:
எங்கள் பையன்கள் கற்றுக்கொண்டது சபையில் இல்லை தம்பி, வெள்ளத்தில். 2017 நவம்பர் 4 ராத்திரி பினாங்கில் அடித்த மழை ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்ததும் சோற்றுப் பொட்டலமும் துடைப்பமுமாகப் போனோம். ஜாலான் பி. ரம்லி பக்கம் எங்கள் சபை ஆச்சி ஒருவர் வீட்டில் கணுக்கால் அளவு சேறு, மெத்தை ஊறி நாலு பேர் தூக்க வேண்டியதாகிவிட்டது. வேலை முடிந்து ஜெபிக்க உட்கார்ந்தால் மின்சாரம் இல்லை, போன் வெளிச்சத்தில் ஆச்சி ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல பையன்கள் திருப்பிப் பாடினார்கள். அந்தப் பாட்டை இன்றைக்கும் பார்க்காமல் பாடுவார்கள். இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை அரிசி, எண்ணெய், மைலோ கொண்டுபோகும்போது பெரியவர்களிடம் ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் வருகிறோம்.

கிள்ளான் தம்பி:
அக்கா, நல்ல காரியம். ஆனால் பிளாட்டில் மலாய்க்காரர், இந்துக்கள் என்று எல்லா வீட்டுக்கும் அரிசி கொடுப்போமே, அங்கே பாட்டு வேண்டாம். கொடுத்துவிட்டு நலம் விசாரித்து வந்தால் போதும், சாமானைக் காட்டிப் பாட வைப்பது தப்பு.

பினாங்கு அக்கா:
சரிதான் தம்பி, எங்கள் சபையார் வீட்டில் மட்டும்தான், அதுவும் அவர்களாகக் கூப்பிட்டால்.

செந்தூல்காரன்:
பாட்டிக்குப் போன் பண்ணினேன். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வரச் சொல்லிவிட்டார். எத்தனை பிள்ளைகள் என்று இரண்டு தடவை கேட்டார், கேசரி கிண்டுவதற்காம்.