தாத்தாவின் எஸ்டீமுக்கு டர்போ

சனிக்கிழமை, இரவு 9:14

நான்: எல்லோரும் ஆன்லைனில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். ஷெட்டில் நிற்கிற தாத்தாவின் மாருதி எஸ்டீம் காருக்கு டர்போ எஞ்சின் கட்டலாம் என்றிருக்கிறேன். கையில் ஒன்றரை லட்சம் சேர்ந்திருக்கிறது. ரோட்டில் பறக்க இல்லை, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டத்தான்.

சித்தி: டர்போ என்றால் ஃபேன் மாதிரி ஒன்றா?

லேத் மாமா: ஒரே தண்டில் இரண்டு விசிறி. சைலன்சருக்குப் போகிற புகை ஒன்றைச் சுற்ற வைக்கும். அந்தச் சுற்றில் மற்றது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேலே போகும். என் லேத் 1,200-ல் ஓடினாலே நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன்.

சித்தி: பணமும் ஒன்றரை லட்சம்தானே. சுற்றுக்கு ஒரு ரூபாய்.

பெரியப்பா: ஆர்சி என் பெயரில் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும். 2004 வண்டி. 2024-ல்தான் அலைந்து ரினியூ பண்ணினேன், 2029 வரைக்கும் செல்லும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படித்துப் பார். கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொன்னது.

நான்: அதனால்தான் டிராக்குக்கு மட்டும் என்கிறேன் பெரியப்பா. டோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன்.

பெரியப்பா: டோ வண்டி வாடகையும் அந்த ஒன்றரை லட்சத்துக்குள்ளேதானா?

அம்மா: இதைப் பற்றி வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குரூப்பில் வந்துதான் தெரிந்துகொள்கிறேன்.

ஒரகடம் அண்ணன்: இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து பார்க்கிறேன். டேய் தம்பி, எத்தனை குதிரைசக்தி வேண்டும் உனக்கு? அதை முதலில் சொல். டர்போ எது, பிஸ்டன் எது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான்: 200?

ஒரகடம் அண்ணன்: கேள்விக்குறியோடு சொல்லாதே. இந்த எஞ்சின் 1,298 சிசி, கம்பெனி கொடுத்தது 85 குதிரை. அரை பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றைவிட அரை மடங்கு கூடுதல் அழுத்தம் வைத்தால் காற்று ஒன்றரை மடங்கு. 85-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 127. சூடு, நஷ்டம் எல்லாம் போக 115, 120 கைக்கு வரும். 200 வேண்டுமென்றால் ஒரு பாருக்கு மேல் ஏற்ற வேண்டும். அதற்குப் பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிளட்ச் எல்லாம் புதிது. கியர்பாக்ஸுக்குக் கும்பிடு போட வேண்டியதுதான்.

நான்: 120-ல் என்ன தெரியும்?

ஒரகடம் அண்ணன்: 900 கிலோகூட இல்லாத வண்டிக்கு 120 என்றால் சீட்டோடு சேர்த்து அமுக்கும். பிரேக் அப்படியே பழையது என்றால் அடுத்த வளைவிலேயே அதுவும் தெரியும்.

பெரியப்பா: சக்தியைக் கூட்டுவது ஒன்றுதான் வழி என்று ஏன் நினைக்கிறீர்கள்? நம் கோயம்புத்தூர் ரேஸ்காரர் கரிவர்தன் 1988-ல் ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டியபோது வைத்தது மாருதி 800 எஞ்சின்தான், 796 சிசி. டர்போவும் இல்லை ஒன்றும் இல்லை. எடையைக் குறைத்து, ஒரே சீட் வைத்து ஓட விட்டார். நரேன் கார்த்திகேயன் ரேஸில் இறங்கியதே அந்த வண்டியில்தான்.

லேத் மாமா: மச்சான் சொல்வது சரிதானுங்க. ஆனால் இவன் எடையைக் குறைக்கிறேன் என்று பின் சீட்டைக் கழற்றினால் அத்தை சும்மா விடுவார்களா?

சித்தி: அப்பத்தா பக்கத்தில்தான் இருக்கிறார். எல்லாவற்றையும் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பத்தா: 🎤 குரல் செய்தி 0:38

சித்தி: கேட்க முடியாதவர்களுக்கு: “அந்த வண்டியில் உங்கள் தாத்தா என்னைப் பேரூர் கூட்டிப் போவார். என்னமோ பண்ணுங்க சாமி, சீட்டை மட்டும் கழற்றாதீங்க.” அப்புறம் டிவி சத்தம்.

நான்: சீட்டில் கை வைக்க மாட்டேன் அப்பத்தா 🙏

ஒரகடம் அண்ணன்: டர்போ எங்கே வாங்கப் போகிறாய்?

நான்: புதுப்பேட்டையில் ஸ்விஃப்ட் டீசல் டர்போ கிடைக்கும் என்று ஒரு நண்பன் சொன்னான். அதுவும் 1.3 லிட்டர், இதுவும் 1.3. சரியாகப் பொருந்தும் இல்லையா?

ஒரகடம் அண்ணன்: லிட்டர் ஒன்று என்பதால் பொருந்தாது. டீசல் 4,000 சுற்றிலேயே வேலையை முடித்துவிடும், உன் பெட்ரோல் எஞ்சின் 6,000 தாண்டிப் போகும். அந்தச் சின்ன டர்போ கீழே சட்டென்று எழும்பும், மேலே போகப் போக மூச்சு முட்டும். டிராக்கில் உனக்கு வேண்டியது மேலேதான். அதைவிட முக்கியம் சூடு. பெட்ரோல் புகை 900 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். டீசல் டர்போ அதற்காகச் செய்ததில்லை.

நான்: நிறைய பேர் போட்டு ஓட்டுகிறார்களே?

ஒரகடம் அண்ணன்: ஓட்டுகிறார்கள். எத்தனை மாதம் என்று கேட்டுப் பார். பழைய டர்போதான் வாங்கப்போகிறாய் என்றால் கடையிலேயே தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார். பக்கவாட்டில் ஒரு பொடி ஆட்டம் இருக்கும், எண்ணெய் ஏறினால் அது சரியாகிவிடும். முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இறக்கை உறையில் உரசிய தடம் இருந்தாலோ கீழே வைத்துவிட்டு வா. 

லேத் மாமா: என் பட்டறைக்குப் போன வருடம் ஒரு பையன் பிஸ்டன் கொண்டுவந்தான். எங்கோ ஒரு கடையில் டர்போ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றே மாதம். பிஸ்டன் தலையில் என் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. ஓரமெல்லாம் மெழுகு மாதிரி உருகியிருந்தது.

நான்: ஏன் மாமா அப்படி?

லேத் மாமா: எனக்கு உருகியது தெரியும். ஏன் என்று அவனைக் கேள்.

ஒரகடம் அண்ணன்: பெட்ரோல் பற்றாமல் போயிருக்கும். இல்லை, பிளக் பொறி வைக்கிற நேரத்தைத் தள்ளிவைக்காமல் விட்டிருப்பார்கள். மத்தியான வெயிலில் 35 டிகிரி காற்றை அரை பாருக்கு அமுக்கினால் 90 டிகிரியைத் தொட்டு வெளியே வரும். காற்றை ஆறவைக்கிற இன்டர்கூலர் இல்லாமல் அதை அப்படியே உள்ளே விட்டால், பொறி கிளப்பிய தீ பரவி முடிவதற்குள் மூலையில் மிச்சமிருக்கிற கலவை தானாக வெடிக்கும். சுத்தியல் அடி மாதிரி டிங் டிங் என்று கேட்கும். கேட்டும் காலை எடுக்காவிட்டால் மாமா பார்த்த பிஸ்டன்தான்.

நான்: எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்பெனி கம்ப்யூட்டர், அந்த ஈசியூ, அதைப் பார்த்துக்கொள்ளாதா?

ஒரகடம் அண்ணன்: அதற்கு டர்போ என்று ஒன்று இருப்பதே தெரியாது. காற்றின் அழுத்தத்தை அளக்கிற சென்சார் வெளிக்காற்று அளவோடு நின்றுவிடும். பூஸ்ட் ஏறினால் அதற்குக் கண் கட்டிய மாதிரி. தனி ஈசியூ, புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையை அளக்கிற வைட்பேண்ட் சென்சார், டியூன் பண்ணத் தெரிந்த ஆள். உன் பணத்தில் பாதி இங்கேயே போய்விடும். போகட்டும். இதில் மிச்சம் பிடித்தால் எஞ்சினில் கொடுப்பாய்.

நான்: இன்ஜெக்டர்?

ஒரகடம் அண்ணன்: 120 குதிரைக்கு ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 240 மில்லி பெட்ரோல் தெளிக்க வேண்டும். இப்போது பங்கில் வருவது இ20, இருபது சதவீதம் எத்தனால். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே காற்றில் சுமார் 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். 270 வாங்கு. எத்தனால் டர்போவுக்கு நல்லதுதான், உள்ளே வருகிற காற்றைக் குளிரவைக்கும், டிங் சத்தத்தையும் தள்ளிப்போடும். ஆனால் 2004 வண்டியின் ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்ததில்லை. டேங்கிலிருந்து எஞ்சின் வரைக்கும் மாற்றிவிடு, பம்பையும் சேர்த்து.

லேத் மாமா: கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை, நான் குறைத்துத் தருகிறேன். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு தகடு வெட்டி வைத்தால் போதும். பிஸ்டன் காசு மிச்சம்.

ஒரகடம் அண்ணன்: கணக்குப் பார்த்தேன் மாமா. 9.5 என்று வைத்துக்கொண்டு 8.5-க்கு இறக்க வேண்டுமென்றால் ஒரு சிலிண்டருக்கு 5 சிசி இடம் கூட்ட வேண்டும். 74 மி.மீ. சிலிண்டர் விட்டத்துக்கு 1.2 மி.மீ. தகடு. வைக்கலாம். ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்து இடுக்கிலிருந்து கலவையை நடுவே பிதுக்கித் தள்ளுமே, அந்த வேலை கெட்டுப்போகும். குறைக்கிறேன் என்று செய்வதே டிங் சத்தத்தைக் கூப்பிட்டு வைக்கும்.

லேத் மாமா: அட. ஹெட் 1.2 உயர்ந்தால் டைமிங் பெல்ட்டும் கொஞ்சம் தள்ளிப்போகுமே. வேண்டாம் சாமி. குழி வெட்டிய பிஸ்டனே வாங்கட்டும். பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே இருக்கிற வாய் மட்டும் நான் ராவித் தருகிறேன். டர்போவுக்கு 17 தௌ விடலாம், சூட்டில் நீண்டு முட்டாமல் இருக்க.

சித்தி: தௌ என்றால்?

லேத் மாமா: இஞ்சில் ஆயிரத்தில் ஒன்று. உன் தலைமுடி இரண்டு, மூன்று தௌ இருக்கும்.

பெரியப்பா: எல்லாம் சரி. அந்த எஞ்சின் இப்போது எப்படி இருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா?

(கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை)

லேத் மாமா: மச்சான் பாயின்டைப் பிடித்துவிட்டார். நாளைக் காலையில் கம்ப்ரஷன் கேஜ் எடுத்துக்கொண்டு வருகிறேன். பேட்டரியை இப்போதே சார்ஜில் போடு மாப்ள.

ஞாயிற்றுக்கிழமை, காலை 11:40

நான்: 📷 படம்

நான்: நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் அடித்தோம். அழுத்தம் 178, 180, 118, 176 பிஎஸ்ஐ.

ஒரகடம் அண்ணன்: மூன்றாவதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அடி. ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில்.

நான்: விட்டோம். 121. பேருக்குத்தான் ஏறியது.

லேத் மாமா: மூன்றாவது பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி கம்ப்ரசர் காற்று விட்டேன். எண்ணெய் மூடியில் சத்தம் இல்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை. மாப்பிள்ளையைச் சைலன்சரில் காது வைக்கச் சொன்னேன். உஸ்ஸ்ஸ். எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை.

அம்மா: காதெல்லாம் கரி. 

நான்: இன்னொன்று. டேஷ்போர்டு பெட்டியில் தாத்தாவின் நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு தடவை பெட்ரோல் போட்டதும் எழுதியிருக்கிறார். தேதி, கிலோமீட்டர், லிட்டர். ஆரம்பத்தில் லிட்டருக்கு 15, 16. கடைசி ஆறு பக்கத்தில் 12-க்கு இறங்கிவிட்டது. கடைசிப் பக்கத்தில் பென்சிலில்: “இழுவை இல்லை. டேப்பட் பார்க்கச் சொல்ல வேண்டும்.”

பெரியப்பா: அந்த மாதம்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அப்பத்தா: 🎤 குரல் செய்தி 0:09

சித்தி: இதில் ஒன்றும் பேசவில்லை. கை பட்டிருக்கும்.

லேத் மாமா: வால்வு கவரைத் திறந்து டேப்பட்டை, அதாவது வால்வு இடைவெளியைப் பார்த்தேன். மூன்றாவது எக்ஸாஸ்ட்டில் இடைவெளி அளக்கிற 2 தௌ ஃபீலர் தகடுகூட நுழையவில்லை. இடைவெளியே இல்லாமல் வால்வைத் திறந்தபடி பிடித்து வைத்திருக்கிறது. லூஸ் பண்ணி, புத்தகத்தில் இருக்கிற அளவுக்கு வைத்துவிட்டு மறுபடி அடித்தோம்.

நான்: 158!!

ஒரகடம் அண்ணன்: முழுசாக வரவில்லை. வால்வு ஓரம் கொஞ்சம் எரிந்திருக்கும். ஹெட்டை இறக்கி கிரைண்ட் பண்ணினால் வந்துவிடும். ஆனால் இதன்மேல் டர்போ வைத்திருந்தால் முதல் நாளே அந்த வால்வு போயிருக்கும். 

நான்: இப்போது என்ன செய்வது?

பெரியப்பா: தாத்தா எஞ்சினை நல்லபடியாக்கி அதே வண்டியில் விடு. ஆர்சியில் இருக்கிற எஞ்சின் நம்பர் அப்படியே இருக்கட்டும். உன் ஆசைக்கு இன்னொரு பழைய எஞ்சினை வாங்கி, மாமா பட்டறையில் ஸ்டாண்டில் வைத்து நிதானமாகக் கட்டு. அது முடிகிற அன்றைக்கு எந்த வண்டியில் மாட்டுவது என்று பேசலாம்.

லேத் மாமா: பட்டறையில் இடம் இருக்கிறது. வாடகை, ஞாயிறு தோறும் டீ, வடை.

ஒரகடம் அண்ணன்: இன்னொரு விஷயம், மறந்துவிடுவாய். டர்போவிலிருந்து எண்ணெய் இறங்குகிற குழாய் தானாக வழிந்து இறங்க வேண்டும். பெரிய குழாய், வளைவு இல்லாமல், எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற சம்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே வந்து சேர வேண்டும். இதில் தப்பு பண்ணிவிட்டு டர்போ சீல் போய்விட்டது என்று புலம்புகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். சம்பைக் கழற்றும்போதே மாமாவிடம் கொடுத்து வெல்டிங் வைத்துவிடு.

நான்: சரிண்ணா. நோட்டில் எழுதிக்கொண்டேன். தாத்தா நோட்டில் இல்லை, வேறு நோட்டில்.

அம்மா: முதலில் அந்தக் காதைக் கழுவு.

திங்கட்கிழமை, மாலை 6:52

நான்: டேப்பட் வைத்ததோடு மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம் என்று மாமா சொன்னார். ஹெட் வேலை அடுத்த வாரம். அப்பத்தாவைப் பேரூர் கூட்டிப் போய்விட்டு வந்தோம்.

பெரியப்பா: எப்படி இருந்தது?

நான்: 40-க்கு மேலே போகவில்லை. ஐடிலில் நடுக்கமே இல்லை பெரியப்பா.

அப்பத்தா: 🎤 குரல் செய்தி 0:21

சித்தி: “வண்டி நன்றாகப் போகிறது. ஏசிதான் வரவில்லை. அந்தக் காற்றைத் திணிக்கிற சாமான் வாங்குவதற்கு முன்னாடி இதற்குக் காற்று போடச் சொல்.”

லேத் மாமா: ஏசி கேஸ் என்ன விலை என்று விசாரிக்கிறேன் மாப்ள.